வங்கியின் கடனுக்குப் பதிவேடு, தொழிலாளியின் கூலிக்கு?

தமிழக எல்லையை ஒட்டி, சத்தியவேடு, தடா வட்டாரங்களில் பரந்து கிடக்கிறது ஸ்ரீ சிட்டி. இசுசு, அல்ஸ்தோம், ஃபாக்ஸ்கான் எனப் பன்னாட்டு நிறுவனங்களின் ஆலைகள் இங்கே இயங்குகின்றன. ‘எளிதாகத் தொழில் நடத்தும் மாநிலம்’ என்ற பட்டியலில் முதலிடம் பிடித்ததை ஆந்திர ஆட்சியாளர்கள் பெருமையாகப் பேசுகின்றனர். விதிகளின் சுமையைக் குறைத்ததே சாதனை என்கின்றனர். ஆனால் மூலதனம் ஒருபோதும் தளர்த்தக் கோராத விதி ஒன்று உண்டு. அதுவே பிணைப் பதிவு.

நிலத்தையும் இயந்திரங்களையும் சரக்கிருப்பையும் ஈடாக வைத்து ஒரு கம்பெனி கடன் பெற்றால், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் அதைப் பதிவாளரிடம் பதிய வேண்டும். கூடுதல் கட்டணம் செலுத்தினாலும் 120 நாட்களே இறுதி எல்லை. பதியப்படாத பிணையைக் கம்பெனி கலைக்கப்படும்போது கலைப்பு அதிகாரி கணக்கில் கொள்ளமாட்டார். இதற்கும் மேலாக, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சர்ஃபாசி சட்டத்தின் 26இ பிரிவு, மத்தியப் பதிவகத்தில் பதிந்த கடனுக்கு அரசின் வரிப் பாக்கிக்கும் மேலான முன்னுரிமையை வழங்கியது.

தொழிலாளியின் கூலிப் பாக்கிக்கு இப்படியொரு பதிவேடு உண்டா? இல்லை. 1985ஆம் ஆண்டுத் திருத்தம் கூலிப் பாக்கியைப் பிணை பெற்ற கடனுக்குச் சமநிலையில் வைத்தது. 2016ஆம் ஆண்டு திவால் சட்டமோ அந்தச் சமநிலையைக் கடைசி 24 மாதப் பாக்கியோடு நிறுத்திவிட்டது. பிணைச் சொத்தைத் தனியே விற்றுக்கொள்ளும் உரிமையையும் வங்கிக்கு அளித்தது. இந்த ஏற்பாடு செல்லும் என 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை ஆகியவற்றுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு எஞ்சியுள்ளது. ஒப்பந்தத் தொழிலாளியின் பாக்கியோ கம்பெனியின் கணக்கிலேயே பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று. 2014 நவம்பரில் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. டிசம்பரில் ஃபாக்ஸ்கான் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. மறு ஆண்டே அதே ஃபாக்ஸ்கான் ஸ்ரீ சிட்டியில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. மூலதனம் மாநில எல்லையை எளிதில் தாண்டும். வேலையிழந்த தொழிலாளியின் குடும்பம் அப்படித் தாண்ட முடியாது.

எனவே நாம் வலியுறுத்துவது இதுதான்: பிணைப் பதிவு செய்யும் ஒவ்வொரு கம்பெனியும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட அனைவருக்குமான கூலி, வைப்பு நிதிப் பாக்கிகளையும் அதே பதிவில் அறிவிக்க வேண்டும். 24 மாத வரம்பு நீக்கப்பட வேண்டும். கூலிப் பாக்கி எவ்விதப் பிணைக்கும் முந்திய உரிமையாக வேண்டும். இவற்றை நாடாளுமன்றம் திருத்தமாக நிறைவேற்ற வேண்டும்.

அதுவரை கையிலுள்ள கருவியைப் பயன்படுத்துவோம். பதிவாளரின் பிணைப் பதிவேட்டைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். கம்பெனி தன்னிடம் பராமரிக்கும் பதிவேட்டையும் பார்வையிடச் சட்டத்தின் 85ஆம் பிரிவு வழி செய்கிறது. எந்த ஆலை எந்த வங்கியிடம் எவ்வளவுக்கு ஈடு வைக்கப்பட்டுள்ளது என்பதைச் சங்கங்கள் ஆண்டுதோறும் அறிந்து வைத்திருக்க வேண்டும். ஆலைக் கதவில் பூட்டு விழுந்த பிறகு கணக்குக் கேட்பதைவிட, இயந்திரம் ஓடும்போதே கணக்கறிந்து பேரம் பேசுவதே வர்க்கப் போராட்டத்தின் விவேகம்.

எல்லையின் இருபுறமும் உள்ள தோழர்கள் இப்பணியை இணைந்து மேற்கொள்ள வேண்டும்.