வெள்ளை யாருக்கு?

"உங்க கோயில்ல ஃபாதர் ஏன் கலர் கலரா உடுப்பு மாத்துறார்?" என்று கிளாஸில் ஒருவன் கேட்டான். மறைக்கல்வி வகுப்பில் படித்ததை ஒப்பித்தேன். திருவருகைக்காலம், தவக்காலம் ஊதா. கிறிஸ்மஸ், ஈஸ்டர் வெள்ளை. குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, பெந்தகோஸ்து, வேதசாட்சிகள் திருநாள் சிவப்பு. பொதுக்காலம் முழுக்கப் பச்சை. வருஷத்தில் இரண்டே ஞாயிறு ரோஸ்! (அதை எல்லா ஃபாதரும் விரும்பிப் போடுவதாகத் தெரியவில்லை.)

"பச்சை ஏன்?"

"நம்பிக்கையின் நிறம்டா" என்றேன்.

பிறகு படித்தால் கதை வேறு. 1198-ல் போப் ஆன மூன்றாம் இன்னொசென்ட், அதற்கு முன்பே வழிபாட்டு நிறங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் நிற்பது பச்சை, ஆகவே விசேஷமில்லாத நாளுக்குப் பச்சை என்கிறார். அவ்வளவுதான்!

ஆக, அர்த்தங்கள் வானத்திலிருந்து விழவில்லை. மனிதர்கள் யோசித்து வைத்தவை, மாற்றவும் செய்தவை. பெரிய வெள்ளிக்குக் கறுப்புதான் இருந்தது. 1970 திருப்பலி நூலில் சிவப்பானது. சாவு வீட்டின் நிறம் போய் இரத்தம் சிந்தியவரின் நிறம் வந்தது. கறுப்பே நல்லது என்பவர்கள் உண்டு. எனக்குச் சிவப்புதான் சரி என்று படுகிறது.

எனக்கு இடிப்பது வெள்ளை. தாத்தா இறந்த பிறகு பாட்டி வெள்ளைச் சேலைதான். அது திருச்சபைச் சட்டமில்லை, ஊர் வழக்கம். அதே வீட்டில் கல்யாணப் பெண்ணுக்கும் வெள்ளைச் சேலை, தலையில் முடி! ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்போது பாட்டி பின்னால் போய் நின்றுகொள்வார். யாரும் முன்னால் கூப்பிட்டதில்லை, நான் உட்பட. ஈஸ்டர் இரவில் பீடத்தில் வெள்ளை, மூன்றாவது வரிசையில் பாட்டியும் வெள்ளை. இரண்டும் ஒரே நிறம் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அடக்கப் பூசைக்கு ஊதா பொது வழக்கம், கறுப்பும் உண்டு. அமெரிக்காவில் வெள்ளைக்கும் அனுமதி இருக்கிறது. மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற மாற்றங்களை அந்தந்த நாட்டு ஆயர் பேரவை ரோமுக்கு முன்மொழியலாம் என்று விதியே இருக்கிறது. அப்படியானால் நம் ஊரில் அடக்கத்துக்கு வெள்ளைதான் வேண்டும் என்பேன். "சாவுக்கு ஈஸ்டர் உடுப்பா?" என்று பெரியவர்கள் கேட்கட்டும். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் போடுவதும் அதே வெள்ளைதானே?

பாட்டியின் அடக்கத்துக்கு ஃபாதர் ஊதாவில் வந்தார். அவரைக் குறை சொல்லவில்லை, முறைப்படிதான் செய்தார். பெட்டிக்குள் பாட்டி மட்டும் வெள்ளையில் இருந்தார்.