வயதோடு நூறைக் கூட்டும் கணக்கு

"அறுபத்தஞ்சு வயசாச்சுல்ல, நூத்தி அறுபத்தஞ்சு பிரஷர் இருக்கத்தான் செய்யும். மாத்திரைய ஆரம்பிச்சிராதீங்க." நடைப்பயிற்சிப் பூங்காவில் இலவசமாகக் கிடைக்கும் இந்த வைத்தியத்தைப் பாமரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. போன நூற்றாண்டின் பாதிவரை பெரிய டாக்டர்கள் பலரும் இப்படித்தான் நம்பினார்கள். இறுகிப்போன தமனியில் ரத்தம் ஓட அழுத்தம் வேண்டும், குறைத்தால் ஆபத்து என்பது அவர்கள் வாதம்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் சொந்த மருத்துவர் மெக்கின்டயரும் அந்தக் கட்சிதான். 1944 மார்ச்சில் இதய மருத்துவர் புரூயன் பார்த்தபோது அதிபருக்கு 186/108. வயது 62, நூறைக் கூட்டும் கணக்கிலேயே அது தேறாது! 1945 ஏப்ரல் 12 அன்று ஓவியம் வரைவதற்காக உட்கார்ந்திருந்தவர், பின்மண்டையில் தாங்க முடியாத வலி என்று சொல்லிச் சரிந்தார். அளந்தபோது 300/190. மூளையில் ரத்தக்கசிவு, அன்றே உயிர் போனது. அப்போது உருப்படியான மருந்து இல்லை என்பதும் உண்மைதான். இன்று அந்தச் சாக்கு கிடையாது.

வயதானால் ஏறுவது இயற்கைதானே என்பார்கள். நமக்கு ஏறுகிறது, எல்லோருக்கும் ஏறுவதில்லை. 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில், பிரேசில் காடுகளில் வாழும் யானோமாமி மக்களின் பிரஷரில் மேல் அளவு சராசரியாக 100க்கும் கீழே. வயது கூடியும் அது ஏறவில்லை. அவர்கள் சமையலில் உப்பு கிடையாது. உடல் பருமனும் மதுவும் இல்லை என்பதால் எல்லாப் பெருமையையும் உப்பில்லாமைக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று சாப்பிட்டுவிட்டு இயற்கைமேல் பழி போடுவது நியாயமில்லை. இந்துப்புக்கு மாறியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அதிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான்.

முதியவருக்குக் குறைக்கவே கூடாது என்பது அடுத்த வாதம். 60 வயது தாண்டி, மேல் அளவு மட்டும் 160ஐ எட்டியவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஷெப் ஆய்வு 1991இல் வெளியானது. பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. 80 தாண்டியவர்களை எடுத்துக்கொண்ட ஹைவெட் ஆய்வில், மருந்து சாப்பிட்டவர்களிடம் சாவு குறைவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். முடிவு வந்தது 2008இல். எழுந்து நின்றால் சில பெரியவர்களுக்குத் தலை சுற்றும் என்பது வாஸ்தவம். அது நிற்கவைத்தும் அளந்து மருந்தின் அளவை டாக்டர் மாற்றுவதற்கான காரணம். மாத்திரையைத் தூக்கிப்போடுவதற்கானது அல்ல.

கடைசியாக, மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற பயம். கெடுப்பது பிரஷர். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வருஷக்கணக்கில் தடித்துச் சுருங்குகின்றன, சிறுநீரில் புரதம் கசிகிறது. வலி எதுவும் தெரியாது. கால் வீங்கி, கிரியாட்டினின் பார்க்கும்போது கையில் இருப்பது மாத்திரைச் சீட்டு என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. மூட்டுவலிக்கென்று சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. பிரஷரை ஏற்றவும் கிட்னியைக் கெடுக்கவும் அதனால் முடியும்.