ஒரு கைக்கு விலை ரூ.2,700 கோடி!

அமெரிக்காவில் பந்து எறிபவர்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

அது ஒரு வலது கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் ஜப்பான் நாட்டு வாலிபர். பெயர், யோஷினோபு யமமோட்டோ. பார்த்தால் பெரிய பயில்வான் போல் இருக்கமாட்டார். உயரம் 5 அடி 10 அங்குலம்தான்.

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அவருக்கு வயது 25. அந்த மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 12 ஆண்டுகளுக்குச் சம்பளம் 32 கோடியே 50 லட்சம் டாலர். அன்றைய கணக்குப்படி, நம் பணத்தில் சுமார் 2,700 கோடி ரூபாய்! இது போக, அவரை விட்டுக்கொடுத்த ஜப்பான் அணிக்குத் தனியாக 5 கோடி டாலர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதுவரை அமெரிக்காவின் பெரிய லீக்கில் அவர் ஒரு பந்து கூட எறிந்தது இல்லை!

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் பணம் கொடுத்தவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. கணக்குப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அந்தக் கணக்கு என்ன?

பந்து எறிபவர் யார்?

பேஸ்பால் ஆட்டம் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒருவர் பந்து எறிவார். ஒருவர் கட்டையால் அடிப்பார். அடித்துவிட்டு ஓடுவார்.

கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடி வந்து வீசுகிறார். பந்து தரையில் பட்டு எழும்புகிறது. பேஸ்பாலில் அப்படி இல்லை. எறிபவர் ஒரு சிறு மேட்டின் மேல் நிற்பார். நின்ற இடத்தில் இருந்தே, முழங்கையை மடக்கி, முழுப் பலத்தோடு எறிவார். எறிகிற இடத்துக்கும் அடிக்கிற இடத்துக்கும் உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் படாமல் அரை வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

எறிபவரின் கை நன்றாக இருந்தால், எதிர் அணி எவ்வளவு பெரிய சூரர்களைக் கொண்டிருந்தாலும் பயன் இல்லை. ஆகவே, வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அந்த ஒரு கையில் இருக்கிறது.

குளிர்காலச் சந்தை

பெரிய லீக்கில் 30 அணிகள். வசந்தத்தில் ஆட்டம் தொடங்கும். ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடவேண்டும். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ இறுதிப்போட்டி முடியும். பிறகு பனி. மைதானத்துக்குப் பூட்டு.

அப்போதுதான் சந்தை திறக்கிறது!

இந்தச் சந்தையில் இரண்டு வகை வியாபாரம் நடக்கும். ஒன்று, ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக இருக்கும் ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து எடுப்பது. மற்றொன்று, ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது. "உன் பந்து எறிபவரை எனக்குக் கொடு. என் இளைஞர்கள் இரண்டு பேரை எடுத்துக்கொள்" என்பது போல.

கார்பின் பர்ன்ஸ் என்ற பந்து எறிபவரின் கதை இதற்கு நல்ல உதாரணம். இவர் மில்வாக்கி அணியில் இருந்தார். அவருடைய ஒப்பந்தம் முடிய ஓர் ஆண்டுதான் பாக்கி. முடிந்துவிட்டால் அவர் கேட்கும் தொகையைக் கொடுக்க முடியாது என்று அணி நினைத்தது. சும்மா விட்டுவிடுவதைவிட மாற்றிக்கொள்வது மேல் அல்லவா? 2024 பிப்ரவரியில் அவரைப் பால்டிமோர் அணிக்குக் கொடுத்து, இரண்டு இளைஞர்களை வாங்கிக்கொண்டது.

அந்த ஆண்டு முடிந்ததும் பர்ன்ஸ் சுதந்திர மனிதர் ஆனார். அரிசோனா அணி 6 ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் கொடுத்து அவரை எடுத்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அந்தக் காலம்

எப்போதும் இப்படி இருந்தது இல்லை.

முன்பு ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் அவர் அதே அணிக்குத்தான் சொந்தம். வேறு அணிக்குப் போக முடியாது. முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் வீட்டில் இருக்கலாம். முதலாளி நினைத்தால் மட்டும் அவரை விற்கலாம். 1919 டிசம்பரில் புகழ்பெற்ற பேப் ரூத்தை பாஸ்டன் அணி 1 லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றது அப்படித்தான்.

1966-ம் ஆண்டு சாண்டி கூஃபாக்ஸ், டான் டிரைஸ்டேல் என்ற இரண்டு பேர் எதிர்த்துப் பார்த்தார்கள். இருவரும் டாட்ஜர்ஸ் அணியின் பந்து எறிபவர்கள். "எங்கள் இருவருக்கும் சேர்த்து, 3 ஆண்டுகளுக்கு 10 லட்சம் டாலர் வேண்டும். இல்லாவிட்டால் ஆடமாட்டோம்" என்றார்கள். அமெரிக்காவே வாயைப் பிளந்தது!

கடைசியில் அந்த ஆண்டுக்கு கூஃபாக்சுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் டாலரும், டிரைஸ்டேலுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் டாலரும் கிடைத்தன. அந்த ஆண்டில் கூஃபாக்ஸ் 27 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார். ஆனால் அவருடைய இடது முழங்கை மூட்டுவாதத்தால் கெட்டுப்போயிருந்தது. ஆண்டு முடிவில் ஓய்வு பெற்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 30!

கெளுத்தி மீன் போட்ட வழி

கதவைத் திறந்தவர் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை. பெயர் ஜிம் ஹண்டர். "கெளுத்தி மீன் ஹண்டர்" என்றால்தான் அமெரிக்காவில் தெரியும். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அவருடைய முதலாளியான சார்லி ஃபின்லி. பத்திரிகைகளைக் கவர்வதற்காக, மீன் பிடித்த கதை ஒன்றையும் கட்டிவிட்டார்.

ஹண்டரின் சம்பளம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர். அதில் பாதியை இன்ஷூரன்சில் கட்டவேண்டும் என்பது ஒப்பந்தம். முதலாளி கட்டவில்லை. வழக்கு, மத்தியஸ்தர் பீட்டர் சீட்ஸ் என்பவரிடம் போனது. "முதலாளி ஒப்பந்தத்தை மீறிவிட்டார். ஆகவே ஹண்டர் இனி சுதந்திர மனிதர்" என்று 1974 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

அஹோஸ்கி என்பது வட கரோலினாவில் ஒரு சிற்றூர். அங்கேதான் ஹண்டரின் வக்கீல் ஆபீஸ். பெரிய பெரிய அணிகளின் அதிகாரிகள் எல்லாம் அந்த ஊருக்குப் படை எடுத்தார்கள். புத்தாண்டுக்கு முந்தின இரவு நியூயார்க் யாங்கீஸ் அணி ஹண்டரை எடுத்தது. 5 ஆண்டுகளுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல்!

ஒரு கைக்கு உண்மையான விலை என்ன என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

மறு ஆண்டு ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னலி என்ற இரண்டு பேர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமலே ஆடினார்கள். இவர்களும் பந்து எறிபவர்களே. 1975 டிசம்பர் 23-ந் தேதி அதே சீட்ஸ் இவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார். பழைய ஷரத்து செத்தது. முதலாளிகள் சீட்சை உடனே வேலையில் இருந்து நீக்கினார்கள். ஆனால் தீர்ப்பை நீக்க முடியவில்லை. 6 ஆண்டுகள் பெரிய லீக்கில் ஆடியவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற விதி 1976-ல் வந்தது.

ஏறிய விலை

அதன் பிறகு விலை ஏறியதைப் பாருங்கள்.

1979: நோலன் ரையன். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் பெற்ற முதல் ஆட்டக்காரர்.
1998: கெவின் பிரவுன். 7 ஆண்டுகளுக்கு 10 கோடியே 50 லட்சம் டாலர்.
2008: சி.சி. சபாத்தியா. 7 ஆண்டுகளுக்கு 16 கோடியே 10 லட்சம் டாலர்.
2014: கிளேட்டன் கெர்ஷா. 7 ஆண்டுகளுக்கு 21 கோடியே 50 லட்சம் டாலர்.
2019: ஜெரிட் கோல். 9 ஆண்டுகளுக்கு 32 கோடியே 40 லட்சம் டாலர்.
2023: யமமோட்டோ. 12 ஆண்டுகளுக்கு 32 கோடியே 50 லட்சம் டாலர்.

சம்பளம் இப்படி ஏறியது. வேலை ஏறியதா? இல்லை. குறைந்தது!

1975-ல் கெளுத்தி மீன் ஹண்டர் 30 ஆட்டங்களில், தொடக்கம் முதல் முடிவு வரை தானே பந்து எறிந்தார். 2024-ல் 30 அணிகளிலும் உள்ள அத்தனை பந்து எறிபவர்களும் சேர்ந்து அப்படி முழுமையாக எறிந்த ஆட்டங்கள் 30 கூட இல்லை. அன்று ஒரு மனிதர் செய்ததை இன்று ஒரு நாடே செய்யவில்லை!

கை முறியும் வேகம்

இன்றைய வாலிபர்கள் சோம்பேறிகளா? அல்ல. அவர்கள் எறிகிற வேகம் வேறு.

2008-ல் வேகப் பந்தின் சராசரி வேகம் மணிக்கு 91 மைல். 2024-ல் அது 94 மைல். மூன்று மைல்தானே என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு பந்தையும் உடல் தாங்கும் எல்லை வரை போய் எறிகிறார்கள். முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறிய தசைநார் இருக்கிறது. எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும், அதைக் கைச் சதை போலப் பெரிதாக வளர்க்க முடியாது. ஒருநாள் அது அறுந்துவிடுகிறது.

முன்பெல்லாம் அது அறுந்தால் ஆட்டம் முடிந்தது என்று பொருள். 1974-ல் டாமி ஜான் என்ற பந்து எறிபவருக்கு அது அறுந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் புதிய ஆபரேஷன் ஒன்றைச் செய்தார். வலது கையில் இருந்து நாரை எடுத்து, இடது முழங்கையில் வைத்துத் தைத்தார். பிழைப்பதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று டாக்டரே நினைத்தார். ஆனால் டாமி ஜான் திரும்பி வந்து, 46 வயது வரை ஆடினார்!

அந்த ஆபரேஷனுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெரிய லீக்கிலும் அதற்குக் கீழே உள்ள சிறிய லீக்குகளிலும் சேர்த்து, 2010-ல் சுமார் 100 பேருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. 2024-ல் அந்தத் தொகை 280-ஐ ஒட்டி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர் மறுபடி எறிய ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும்.

இப்போது பர்ன்சின் கதைக்கு வருவோம். 21 கோடி டாலருக்கு அரிசோனாவுக்குப் போனார் அல்லவா? அங்கே 11 ஆட்டங்களில் எறிந்தார். முழங்கை போய்விட்டது. 2025 ஜூன் மாதம் ஆபரேஷன்.

ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க் கதை இதைவிடப் பரிதாபம். வாஷிங்டன் அணி 2019-ல் அவருக்கு 24 கோடியே 50 லட்சம் டாலர் எழுதிக்கொடுத்தது. அதன் பிறகு அவரால் 8 ஆட்டங்களில்தான் எறிய முடிந்தது. 2024-ல் ஓய்வு பெற்றுவிட்டார்.

கை போனாலும் பணம் போகாது. எழுதிக்கொடுத்த சம்பளத்தை அணி கொடுத்தே ஆகவேண்டும்.

பிறகு ஏன் வாங்குகிறார்கள்?

விலை ஏறுவதற்குக் காரணமே இதுதான். கைகள் முறிவதால் நல்ல கைகள் குறைவு. குறைவான பொருளுக்கு விலை அதிகம். தக்காளிக்கு உள்ள நியாயம்தான் தசைநாருக்கும்!

பணமும் இருக்கிறது. 2013-ல் டாட்ஜர்ஸ் அணி, தன் ஆட்டங்களை டெலிவிஷனில் காட்டுவதற்கு 25 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அதன் மதிப்பு 800 கோடி டாலருக்கு மேல். சம்பளச் செலவு ஓர் எல்லையைத் தாண்டினால் அணிகள் அபராத வரி கட்டவேண்டும். 2025-ல் அந்த எல்லை 24 கோடியே 10 லட்சம் டாலர். பணக்கார அணிகள் வரியையும் கட்டிவிட்டு ஆளையும் வாங்குகின்றன.

வாங்கியது வீண் போகாமலும் இருக்கலாம். 2025 இறுதிப்போட்டியில் டாட்ஜர்ஸ் அணியும் டொரோண்டோ அணியும் மோதின. ஆறாவது ஆட்டத்தில் யமமோட்டோ 96 பந்து எறிந்து அணியைக் காப்பாற்றினார். மறுநாள் ஓய்வு எடுக்கவேண்டியவர். ஆனால் கடைசி ஆட்டத்திலும் இறங்கினார்! மேலும் 34 பந்து எறிந்தார். டாட்ஜர்ஸ் வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 2,700 கோடி ரூபாய் அதிகம் என்று அன்று லாஸ் ஏஞ்சல்சில் யார் சொல்வார்கள்?

யாருக்கு நஷ்டம்?

முதலாளிக்கு அல்ல. பெரிய ஒப்பந்தம் கிடைத்தவருக்கும் அல்ல. அது கிடைப்பதற்கு முன்பே கை போனவருக்குத்தான் நஷ்டம்.

பெரிய சம்பளம் பெறுவதற்கு 6 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிட்ஸ்பர்க் அணியின் பால் ஸ்கீன்ஸ் 2025-ல் தன் லீக்கின் மிகச் சிறந்த பந்து எறிபவர் என்ற விருதைப் பெற்றார். அந்த ஆண்டு அவர் சம்பளம் 10 லட்சம் டாலருக்கும் குறைவு. கை வலுவாக இருக்கும் காலத்தில் கூலி குறைவு. கூலி வரும் காலத்தில் கை இருக்குமா என்பது சந்தேகம்!

இதைவிடக் கவலை தருவது, பள்ளிக்கூடத்துப் பையன்களின் நிலை. கோடிகளைப் பார்த்த சிறுவர்கள், எலும்பு முற்றும் முன்பே முழு வேகத்தில் எறியத் தொடங்கிவிடுகிறார்கள். பேஸ்பால் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. 11, 12 வயதுப் பையன் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது என்று விதிமுறை சொல்கிறது. எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வந்தது. வேகத்துக்கு யார் கட்டுப்பாடு போடுவது?

வேகமாக எறிகிறவனைத்தான் அணிகள் தேடுகின்றன. தேடுகிறவர்கள் மாறாதவரை, எறிகிற பையனும் மாறமாட்டான். அவன் கையைக் காப்பாற்றும் பொறுப்பு பெற்றோருக்கும் பயிற்சி கொடுப்பவருக்கும்தான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். 2,700 கோடி ரூபாய் எழுதிய சித்திரமும் ஒரு சிறிய தசைநார் மேல்தான் நிற்கிறது!