புள்ளிராஜாவும் லாட்ஜ் வைத்தியரும்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சொந்த ஊர் மெடிக்கலில் ஆணுறை கேட்கக் கூச்சப்படும் இளைஞனுக்கு இது வசதியான தூரம். ராஜபாளையத்துக்காரன் அங்கே போவான், அந்த ஊர்க்காரன் ராஜபாளையம் வருவான். கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்!

சினிமாவும் செல்போனும் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்பது பெரியவர்களின் வழக்கமான புலம்பல். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அவனுடைய பயத்தை வளர்த்தது எது? தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் காலம் காலமாக ஒட்டப்பட்ட நோட்டீஸ்களை நினைத்துப் பாருங்கள். நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கம், ஆண்மைக் குறைவு... இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம். பிறகு அந்தப் பேச்சு டி.வி.க்கு வந்தது. இப்போது யூடியூபில் ஓடுகிறது.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது பருவ வயதில் இயல்பு. சுய இன்பத்தால் நரம்பு தளராது. இந்த இரண்டு வரியைச் சொல்லிவிட்டால் லேகியம் விற்காதே! ஆண்மை பெருக்கும், பால்வினை நோயைத் தீர்க்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதற்கு 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்தது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. சட்டமும் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது.

நோயே இல்லாதவன் பணத்தை மட்டும் இழக்கிறான். நிஜமாகவே நோய் உள்ளவன் கதைதான் மோசம். சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். லேகியம்தான் ஆற்றியது என்று அவன் நம்புகிறான். கிருமி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பென்சிலின் ஊசியில் முடிந்திருக்கும்.

2003-இல் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று தமிழகமெங்கும் சுவர்கள் கேட்டன. ராஜா என்று பெயர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. (வீட்டுக்கு வீடு ராஜா இருக்கும் ராஜபாளையத்தில் கேட்கவே வேண்டாம்!) முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனாலும் டீக்கடையில் எய்ட்ஸ் பற்றிச் சத்தமாகப் பேச வைத்தது அந்த விளம்பரம். பிறகு அது ஓய்ந்துவிட்டது, லாட்ஜ் வைத்தியர் ஓயவில்லை.

பெண்களுக்கு அந்தப் பேச்சு கூட இல்லை. வெள்ளைப்படுதல் எப்போது இயல்பு, எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? டி.வி. நாப்கின் விளம்பரத்தில் பல வருடம் நீலத் தண்ணீரைத்தான் ஊற்றிக் காட்டினார்கள்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ஆலோசனையும் உண்டு. முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 1097 என்ற எண்ணில் காசில்லாமல் பேசலாம். லாட்ஜ் வைத்தியரின் நோட்டீஸ் ஒட்டும் அதே சுவரில், அதே உயரத்தில் இந்த எண்ணையும் பெரிதாக எழுதி வைக்கட்டும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையன் இரண்டையும் படிப்பான்.