கேஸ் தீர்ந்துபோவதில்லை

பழைய காரில் ஏ.சி. குளிரவில்லை என்றதும் பள்ளிப்பட்டு முதல் திருவள்ளூர் வரை எந்தப் பட்டறையிலும் முதலில் காதில் விழும் வாக்கியம், ‘கேஸ் தீர்ந்திருக்கும், ஏற்றிவிடலாம்’ என்பதுதான். இந்த வாக்கியத்தோடு நமக்கு வழக்கு உண்டு. பெட்ரோல் தீரும். குளிரூட்டும் வாயு மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது, அது செலவாவதில்லை. ஆண்டுக்கணக்கில் இணைப்புகளின் வழியே சிறிது கசிவது இயல்பு. ஒரே கோடையில் குறைந்துவிட்டதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ‘தீர்ந்தது’ என்ற தவறான சொல் தவறான வைத்தியத்துக்கு இட்டுச் செல்கிறது.

திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்தது. அவ்வளாகத்திலிருந்து 2021இல் சிட்ரோயன் கார்கள் வெளிவந்தன. ஆலைகள் இப்படிக் கைமாறி முன்னே போய்விடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளின் கதி சாலையோரப் பட்டறைகளிடம்தான்.

வண்டியோ தன் குறையைத் தெளிவாகவே சொல்கிறது. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் வெப்பக் காற்று வருகிறதா? முன்புறக் கண்டென்ஸரில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது அதன் விசிறி சுழலாமல் இருக்கலாம். நெடுந்தூரம் சென்றபின் காற்றின் வேகம் குறைந்து, சிறிது நேரம் அணைத்துவைத்தால் மீண்டும் சரியாகிறதா? கூலிங் காயிலில் பனி உறைகிறது. தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். எஞ்சின் அறையில் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாய் சில்லென்று வியர்த்திருக்க, உள்ளே மட்டும் வெதுவெதுப்பா? அப்போது கேஸின்மேல் பழி போடுவது பெரும்பாலும் வீண். வெப்பநிலைக் குமிழைத் திருப்பினால் டேஷ்போர்டுக்குள் ஒரு மடல் அசைந்து, ஹீட்டரின் சூட்டையும் குளிரையும் கலக்கும். அதை இழுக்கும் கேபிள் கழன்றிருந்தால் எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் பயனில்லை.

இதில் பணம் மட்டுமா போகிறது? ஓசோன் படலத்தை அரித்த ஆர்-12 வாயு, 1987இன் மான்ட்ரியல் உடன்பாட்டால் படிப்படியாக விலக்கப்பட்டது. அதனிடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போலச் சுமார் 1,400 மடங்கு புவியைச் சூடாக்குவது அது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றும் ஒவ்வொரு முறையும், காருக்குள் குளிர் வேண்டி ஊருக்கு வெப்பம் வாங்குகிறோம்.

குற்றம் மெக்கானிக்குடையது மட்டுமன்று. கேஸுக்குக் கேட்ட பணத்தை மறுபேச்சின்றிக் கொடுப்பவர்கள், அரைநாள் குனிந்து கசிவைத் தேடியவருக்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறார்கள். எதையும் மாற்றாமல் குறையை மட்டும் கண்டுசொன்னால், ‘சும்மா பார்த்ததற்கா காசு?’ என்ற கேள்வி எழுகிறது. பிறகு அவர் ஏன் தேடப்போகிறார்? பார்ப்பதும் வேலைதான், சொல்லப்போனால் அதுவே முதல் வேலை. அதற்குரிய கூலியைக் கொடுக்கும் வழக்கம் வந்தால், கேஸ் ஏற்றும் வழக்கம் தானே குறையும் என்பது நம் கருத்து.