பிஸ்டல் நம்மைக் காப்பாற்றாது

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை எல்லாம் எரிந்த நாளிலிருந்து நம்மவர்களிடம் ஒரு பேச்சு உலவுகிறது: "வீட்டில ஒரு பிஸ்டல் இருந்திருந்தா வந்திருப்பானுகளா?" அன்று மெதுவாகச் சொன்னார்கள். இன்று பிள்ளைகள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். கொல்ட் 1911 படத்தை ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். வால்நட் மரப் பிடி, சித்திரம் செதுக்கிய உருக்கு, இடுப்பில் செருகும் தோலுறை என்று வீடியோக்கள் கைமாறுகின்றன. பேராதனைப் பக்கம் படிப்பிக்கிற நாங்கள் இதைத் தினமும் பார்க்கிறோம். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பிஸ்டலின் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். பிலிப்பைன்ஸின் தெற்கில் அமெரிக்கப் படையை எதிர்த்து நின்ற மோரோ முஸ்லிம்களை .38 ரிவோல்வரால் உடனே வீழ்த்த முடியவில்லை. அமெரிக்க இராணுவம் .45 ரவையைத் தேடிப் போனதற்கு அது முக்கிய காரணம். 1904இல் உயிருள்ள மாடுகளிலும் மனிதப் பிணங்களிலும் சுட்டுப் பரீட்சித்தார்கள். பிறகு ஜோன் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டலை 1911இல் ஏற்றுக்கொண்டார்கள். நமது பிள்ளை 'கிளாசிக்' என்று ரசிப்பது இதைத்தான். நம்மைப் போல் தொழுத மனிதர்களை விழுத்தாட்டத் தேடிய தேட்டத்தின் முடிவு அது. இதை அவனுக்கு நம்மில் யார் சொன்னோம்?

சரி, திகனக்கே வருவோம். அன்று வந்தது பெருங்கூட்டம். 1911இன் மெகசினில் 7 ரவை. எட்டாவது ஆளை என்ன செய்வதாக உத்தேசம்? ஒரு மாடி வீட்டிலிருந்து ஒரேயொரு வெடிச்சத்தம் கேட்டிருந்தால், மறுநாள் செய்தி எரிந்த கடைகளைப் பற்றியா இருந்திருக்கும்? 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு தேடுதலில் அகப்பட்ட வாள்களையும் கத்திகளையும் தொலைக்காட்சிகள் எப்படிக் காட்டின என்பது மறந்துவிட்டதா? கத்திக்கே பதில் சொல்லிக் களைத்த சமூகம் பிஸ்டலுக்கு என்ன பதில் சொல்லும்?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். திகனக்கு முன் தெல்தெனியவில் லொறிச் சாரதி ஒருவரை அடித்தவர்கள் நம் இளைஞர்கள். அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதற்காக ஊரையே எரித்தது எந்த நியாயத்திலும் சேராது. ஆனால் தெருச் சண்டையின் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அதிலிருந்து படிக்காமல், அந்தக் கோபத்தின் இடுப்பில் பிஸ்டலும் இருக்கட்டும் என்கிறோம்.

பேராதனைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1989 அக்டோபரில் பல்கலைக்கழக உதவிப் பதிவாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையடுத்து அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட தலைகள் வைக்கப்பட்டன. சுட்டவன் ஒருவன். தலை போனது யார் யாருக்கோ.

"பெரிய மனிதர்களிடம் லைசன்ஸோடு இருக்கிறதே" என்பீர்கள். உண்மை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் பயிர்களைக் காக்கும் துவக்குக்கு மாவட்டச் செயலகம், தற்காப்புப் பிஸ்டலுக்குப் பாதுகாப்பு அமைச்சு என்று வழி இருக்கிறது. அந்த இரண்டாவது வழி யாருக்குத் திறந்தது? அரசியல்வாதிக்கும் வசதியானவருக்கும். அப்படிக் கொடுத்தவற்றையெல்லாம் மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7க்கு முன் வெலிசறையில் கடற்படையிடம் ஒப்படைக்கும்படி அரசாங்கமே உத்தரவிட வேண்டி வந்தது. 2025 டிசம்பரில் முன்னாள் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா கைதானார். அவருக்கு இராணுவம் கொடுத்த துப்பாக்கி பாதாள உலகத்தவரின் கைக்குப் போனது எப்படி என்பதே விசாரணை. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒருவரின் காவலுக்குக் கொடுத்த ஆயுதம் அவரோடேயே இருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

ஆபத்து பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. 2025 பெப்ரவரியில் சட்டத்தரணி வேடத்தில் வந்தவன், பக்கங்களை வெட்டிய சட்டப் புத்தகத்துக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட ரிவோல்வரால், புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டான். அதே ஒக்டோபரில் வெலிகம பிரதேச சபைத் தலைவர் தன் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். கொல்ல வருகிறவன் நேரத்தையும் இடத்தையும் தெரிந்தெடுத்துத்தான் வருகிறான். உங்கள் கை தோலுறைக்குப் போவதற்குள் அவன் வேலை முடிந்துவிடும்.

எங்கள் பெரிய கோபம் இதில்தான்: பிஸ்டலுக்கு விண்ணப்பிக்கக் கூடியவர் கடை முதலாளி. அவர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் தையல் மெஷினோடு இருக்கும் விதவைக்கு யார் காவல்? முதலாளி இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்ட நாளிலிருந்து பொலிஸிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். அரசாங்கத்துக்கும் அதுதான் வசதி. ஊரடங்கு போட்ட பிறகும் கடைகள் எரிந்தது எப்படி என்று கேட்க ஆளிருக்காது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். திகன வழக்குகள் எந்த நிலையில் நிற்கின்றன என்று வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகமும் பக்கத்து விகாரையும் கலவரத்துக்குப் பிறகல்ல, இப்போதே பேசிப் பழகட்டும். விளையாட்டுக்குக்கூட ஆயுதத்தைச் சகோதரன் பக்கம் நீட்டாதே என்று தடுத்த மார்க்கம் நம்முடையது என்பதை வாப்பாமார் வீட்டில் சொல்லுங்கள். வகுப்பில் நாங்கள் சொல்கிறோம்.

மறுப்பிருந்தால் கீழே எழுதுங்கள், பதில் தருகிறோம். பிஸ்டல் படம் மட்டும் அனுப்ப வேண்டாம்.