99.99 விழுக்காடு: யாருடைய கணக்கு?

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. பிற்பகல் 3 மணியை நெருங்கும் நேரத்தில் டிபிஎஸ், சிட்டிபேங்க் வாடிக்கையாளர்களின் கைப்பேசிச் செயலிகள் முடங்கின. மறுநாள் அதிகாலைவரை நீடித்த அந்தத் தடையில் ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

எக்குவினிக்ஸ் தரவு நிலையத்தில் நடந்த மேம்பாட்டுப் பணியின்போது ஒப்பந்ததாரர் தவறான சமிக்ஞை அனுப்பியதால் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன, வெப்பம் ஏறியது. இரு வங்கிகளுக்கும் மாற்று நிலையங்கள் இருந்தும் அங்கு முழுமையாக மாற முடியவில்லை.

வங்கிகளுக்கு இதில் தெளிவான அளவுகோல் உண்டு. முக்கியக் கணினி முறை எதுவும் எந்த 12 மாதத்திலும் மொத்தம் 4 மணி நேரத்துக்குமேல் எதிர்பாராமல் தடைபடக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. டிபிஎஸ்மீது அந்த நவம்பரில் ஆறு மாதக் கட்டுப்பாடும் வந்தது.

ஆனால், மேகக் கணிமையில் ஒரு மெய்நிகர் கணினியை மாத வாடகைக்கு எடுத்து இணையக் கடை நடத்தும் சிறு வணிகருக்கு அப்படியொரு காவலர் இல்லை. அவருக்கு இருப்பது நிறுவனத்தின் சேவைத்தர ஒப்பந்தம் மட்டுமே. அதை யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை.

விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண் 99.99 விழுக்காடு. 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். அந்தக் கணக்கில் 4 நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தடை இருக்கலாம். அமேசானின் மேகக் கணிமைச் சேவையில் அந்த வாக்குறுதி, ஒன்றுக்கு மேற்பட்ட வளாகப் பிரிவுகளில் கணினிகளைப் பரப்பி வைத்திருப்போருக்கு உரியது. ஒற்றைக் கணினிக்கு 99.5 விழுக்காடுதான். அதாவது மாதத்துக்கு 216 நிமிடம், மூன்றரை மணி நேரத்துக்கும் மேல்.

ஒரே மாதத்தில் 4 மணி நேரம் கணினி தடைபட்டதாக வைத்துக்கொள்வோம். இயக்க விகிதம் 99.44 விழுக்காடாகிறது. மாதக் கட்டணம் 60 வெள்ளி என்றால் இழப்பீடு 10 விழுக்காடு, 6 வெள்ளி. அதுவும் பெரும்பாலும் அடுத்த கட்டணத்தில்தான் கழிக்கப்படும். தீபாவளிக்கு முந்திய வார இறுதியில் அந்த 4 மணி நேரம் வந்தால் போகும் விற்பனையோடு ஒப்பிட்டால், அந்த 6 வெள்ளியை இழப்பீடு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். அதையும் வாடிக்கையாளர்தான் ஆதாரத்தோடு, காலக்கெடுவுக்குள் கேட்டுப் பெறவேண்டும்.

இன்னும் சிக்கலானது, ‘தடை’ என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பது. அமேசானில் நிமிடத்துக்கு ஒருமுறை சோதனைகள் நடக்கின்றன. ஒன்று, அடியிலுள்ள வன்பொருள், மின்சாரம், பிணையம் சரியா என்று பார்க்கிறது. மற்றொன்று, வாடகைக்கு எடுத்த கணினியின் இயங்குதளம் பதில் தருகிறதா என்று பார்க்கிறது. ஒப்பந்தமோ வெளியுலகத் தொடர்பு அறுந்ததா என்பதைத்தான் கேட்கிறது. தரவுத்தளம் உறைந்து, ‘பணம் செலுத்து’ பொத்தான் சுழன்றுகொண்டே இருந்தாலும் திரையில் பச்சை விளக்குதான் எரியும்.

2024 ஜூலை 19ஆம் தேதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் 8.5 மில்லியன் விண்டோஸ் சாதனங்கள் முடங்கின. சாங்கி விமான நிலையத்தில் சில நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவு செய்தன. மேகக் கணிமையிலிருந்த விண்டோஸ் கணினிகளும் தப்பவில்லை. அவற்றுக்கு அடியிலிருந்த வன்பொருளுக்கு ஒரு குறையும் இல்லை.

விழுக்காடு மறைக்கும் இன்னொன்றும் உண்டு. மாதத்தில் ஒரே ஒருமுறை 40 நிமிடத் தடையும், நாற்பது முறை ஒரு நிமிடத் தடையும் கணக்கில் ஒன்றே. கூடையை நிரப்பிய வாடிக்கையாளரை நாற்பது முறை இழப்பவருக்கு அவை ஒன்றல்ல. இதனால்தான் மைக்ரோசாஃப்ட், 100 மெய்நிகர் கணினிகளுக்கு ஆண்டில் எத்தனை குறுக்கீடுகள் என்பதையும் தனியாக எண்ணுகிறது.

மேகக் கணிமைச் சேவைகளுக்கும் தரவு நிலையங்களுக்கும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அவை ஆலோசனை அளவிலானவை.

எனவே, சொந்தமாக ஓர் அளவீடு வைத்திருப்பது வணிகருக்கு நல்லது. வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடைப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் சேவைகள் உள்ளன. பக்கம் திறக்கிறதா என்பதோடு, சோதனைக் கொள்முதல் ஒன்று இறுதிவரை செல்கிறதா என்றும் பார்க்கவைக்க வேண்டும். கண்காணிப்பும் கடையும் ஒரே தரவு நிலையத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாக அணையும். அப்போது எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே, தகவல் வராத நிமிடத்தையும் தடையாகவே எண்ணும்படி அமைப்பது அவசியம்.